எதிர்க்காற்றில் இரண்டு சம்பந்திகள்

ஊசியம்மாவுக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் கடை இருந்த தெரு. பெரிய துணியைச் சிறியதாக்குவது, சிறியதைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது என்று இரண்டு தையல் மெஷின்களைப் போட்டுக்கொண்டு அவள் கடை நடத்தினாள். ஆளும் ஊசி மாதிரி ஒல்லி. பேச்சும் அப்படித்தான், ரத்தம் வராது, ஆனால் சுருக்கென்று இருக்கும். அவளுக்குச் சரிக்குச் சரி நின்று பதில் சொல்லக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அது அவளுடைய சம்பந்தி, மகளின் மாமியார்.

சம்பந்தியம்மாவுக்கு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. நாள் முழுக்க மாத்திரை அட்டைகளைச் சரிபார்த்துச் சரிபார்த்து, வீட்டில் உப்பைப் போடும்போதும் டப்பாவைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போடுவார். நல்ல உயரம், நல்ல கனம், நல்ல குரல்.

இருவருக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. வினையே அதுதான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு ஊசியம்மா தன் கையாலேயே ஒரு கோட்டு தைத்துக் கொடுத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வந்து நின்றதும், கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் சம்பந்தியம்மா, “கை ஒரு விரல் குட்டையா இருக்கே” என்றார். ஊசியம்மா சிரித்தாள். அன்று மூடிய வாயை அவள் அப்புறம் திறக்கவே இல்லை. “நல்லா இருக்கீங்களா சம்பந்தி?” “இருக்கேன் சம்பந்தி.” “சாப்பிட்டீங்களா?” “ஆச்சு.” மூன்று வருடமாக இதுதான் பேச்சு. அன்றைக்கே நான்கு வார்த்தை கத்தித் தீர்த்திருந்தால் மறுநாள் மறந்து போயிருக்கும். மரியாதை என்று ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

இப்போது மகள் ஆறு மாதம். குழந்தை பிறந்ததும் யார் வந்து கூட இருப்பது? “நான் கடையைச் சாத்திட்டு வந்துடறேன்” என்று ஊசியம்மா மகளிடம் சொல்லிவிட்டாள். “நான் நீண்ட விடுப்புக்குச் சொல்லிட்டேன்” என்று சம்பந்தியம்மா மகனிடம் சொல்லிவிட்டார். இரண்டு அறை வீடு. இளசுகள் இரண்டும் திருதிருவென்று முழித்தன. வீட்டில் வைத்துப் பேசினால் சுவர் தாங்காது, திறந்த வெளியில் வைத்துப் பேசிவிடலாம் என்று மாப்பிள்ளைதான் யோசனை சொன்னான். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நால்வரும் ஊருக்கு வெளியே இருந்த பறவைக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஏரி என்று சொல்ல முடியாது, வயல் என்றும் சொல்ல முடியாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீரும் கோரையும் நாணலும் மாறி மாறிக் கிடந்தன. குறுக்கே நீளநீளமாக மண்கரைகள், கரைகளுக்கு நடுவே மதகுகள். வாசலில் பெரிய வரைபடப் பலகை ஒன்று நின்றது. எந்தக் கரையில் நடக்கலாம், எதில் சைக்கிள் விடலாம், எங்கே உட்கார்ந்து தூண்டில் போடலாம், எதுவரை படகில் போகலாம் என்றெல்லாம் வண்ணம் வண்ணமாகக் கோடு போட்டிருந்தார்கள். சிவப்புக் கோட்டுக்கு உள்ளே மனிதர் யாரும் போகக் கூடாது. அது பறவைகளின் வீடு. குஞ்சு பொரிக்கும் காலத்தில் படகுப் பாதை முழுவதையும் மூடி வைத்திருந்துவிட்டு அன்றைக்குத்தான் திறந்திருந்தார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் சைக்கிளை இறக்குகிறவர்கள், கழுத்தில் பைனாகுலரோடு ஓடுகிறவர்கள், தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு குழந்தைகளை அதட்டுகிறவர்கள் என்று ஒரே கலகலப்பு.

மகளும் மாப்பிள்ளையும் பல மாதங்களுக்கு முன்பே ஒரு படகுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். பாதை திறக்கிற முதல் நாளுக்கு ஆட்கள் போட்டி போடுவார்கள். விடுவதோ விரல்விட்டு எண்ணும் படகுகள்தான். படகுத்துறையில் நின்ற காவலர் பெண், காக்கித் தொப்பி போட்ட கறாரான ஆள், மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“நீங்க ரெண்டு பேர்தான் வரணும். மூணு பேரா வந்திருக்கீங்க. இது ஆடற படகுங்க, உங்களை ஏத்த மாட்டேன்.”

மகளின் முகம் வாடிப்போனது. “அப்ப வீணாத்தான் போகுமா?”

“நான் போறேன்” என்றார் சம்பந்தியம்மா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். “எத்தனை நாள்தான் மாத்திரையையே பாத்துக்கிட்டு இருக்கறது? நான் போறேன். கூட யாராவது ஒருத்தர் வந்தா போதும்.” மாப்பிள்ளை முன்னால் வரவும், “நீ அவ பக்கத்துல இரு” என்று ஒரே வெட்டு.

ஊசியம்மாவுக்குத் தண்ணீர் என்றால் வாளியில் இருக்க வேண்டும். ஆனால் சம்பந்தி போய் வந்து, காலத்துக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்க, தான் கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதா? நினைத்தபோதே வயிறு எரிந்தது. “நான் வர்றேன்” என்று அவள் வாய் சொல்லிவிட்டது. மூளைக்கு அந்தச் செய்தி பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. காரணம், அதன் தையல். பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இரட்டைத் தையல், திருப்பித் தைத்து முடிச்சுப் போட்டிருந்தது. “இதை நம்பலாம்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மாட்டிக்கொண்டாள். சம்பந்தியம்மாவுக்கு முன்பட்டை எட்டவில்லை. காவலர் பெண் அடுத்த அளவு எடுக்கப் போக, ஊசியம்மா குனிந்து பட்டையின் கொக்கியைத் தளர்த்தி ஒரே இழுப்பில் சரியாக மாட்டிவிட்டாள். “நன்றி சம்பந்தி.” “பரவாயில்ல சம்பந்தி.”

“கனமானவங்க பின்னாடி, லேசானவங்க முன்னாடி” என்றாள் காவலர் பெண். “முன்னாடி இருக்கறவங்க இழுக்கணும், பின்னாடி இருக்கறவங்க திருப்பணும். நீலக் கம்பத்தைப் பாத்துக்கிட்டே போங்க. சிவப்புக் கம்பம் வந்தா அதுக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. நாணலுக்குள்ள சத்தம் வேண்டாம். மதியத்துக்கு மேல காத்து கிளம்பும், அதுக்குள்ள வந்துடுங்க.”

திருப்புகிற அதிகாரம் சம்பந்திக்குப் போனதில் ஊசியம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் அவளை வருத்தப்பட விடவில்லை படகு. துறையிலிருந்து தள்ளியதுமே அது இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது, பிறகு நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. மகளின் முகம், கோரை, காவலர் பெண், வரைபடப் பலகை, மறுபடி மகளின் முகம். துறையில் வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

“ரெண்டு பேரும் ஒரே பக்கம் போடறோம் சம்பந்தி” என்றார் பின்னாலிருந்து.

“நான் முதல்லேருந்து இந்தப் பக்கம்தான் போடறேன் சம்பந்தி.”

“சரி, நான் மாத்திக்கறேன்.”

அவர் மாற்றிய அதே நொடியில் இவளும் மாற்றினாள். படகு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. கரையில் சிரிப்பு இரண்டு மடங்கானது. ஊசியம்மாவுக்குக் காது வரை சுட்டது. துடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “நீங்க அசையாம இருங்க, நான் சொல்றப்போ போடுங்க” என்றாள். மெஷினை மிதிப்பது மாதிரி நினைத்துக்கொண்டாள். துணியைத் தள்ளக் கூடாது, அது தானாகப் பின்னால் போகும். கை வழிகாட்டினால் போதும். இங்கே தண்ணீர் பின்னால் போகிறது, அவ்வளவுதானே? “ம்… இப்போ. ம்… இப்போ.” நாலைந்து முறை தடுமாறிவிட்டு, படகு சட்டென்று நிமிர்ந்து நேராகப் போயிற்று.

அந்த நேரான போக்கு அவள் உடம்புக்குள் என்னவோ செய்தது. சின்ன வயதில் சைக்கிளைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது தெரியாமல் தானாக ஓட்டினோமே, அந்த மாதிரி. “போகுது! போகுது சம்பந்தி!” என்று கத்திவிட்டாள்.

“தெரியுது, நானும் இதே படகுலதான் இருக்கேன்” என்றார் சம்பந்தியம்மா. ஆனால் அவர் குரலும் தாளம் தப்பித்தான் இருந்தது.

நாணல் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி எழுந்தது. கரைச் சத்தம் அறுந்துபோனது. உள்ளே வேறு சத்தங்கள் இருந்தன. நாணலோடு நாணல் உரசுவது, எங்கோ ஒன்று விசில் அடிப்பது, மீன் துள்ளி விழுவது. முன்னால் உட்கார்ந்ததன் லாபம் ஊசியம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் எதையும் முதலில் பார்ப்பவள் அவள்தான். ஒரு வளைவில் திரும்பியதும் துடுப்பை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முக்குளிப்பான் ஒன்று. வாத்தைவிடச் சின்னது, புஸ்ஸென்று ஒரு பழுப்புப் பந்து. அதன் முதுகுச் சிறகுக்குள்ளிருந்து கோடு கோடாகத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. இன்னொரு தலை. மூன்றாவது ஒன்று ஏறத் தெரியாமல் பக்கத்திலேயே நீந்திக்கொண்டு வழுக்கி வழுக்கி விழுந்தது. தாய் நின்று, பின்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தது. சிறிசு ஏறிக்கொண்டது.

“தூக்கிக்கிட்டு போகுது” என்று மூச்சுக்குள்ளேயே சொன்னாள் ஊசியம்மா.

திரும்பிப் பார்த்தாள். சம்பந்தியம்மா கண்ணை விரித்துக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தார். அந்த முகத்தை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

தாய்ப் பறவை அவர்களைச் சட்டை செய்யாமல் குடும்பத்தோடு கடந்து போயிற்று. அதன் பிறகு இருவருக்கும் பேராசை பிடித்துக்கொண்டது. அங்கே பாருங்க சம்பந்தி, ஒத்தைக் கால்ல நிக்குது. இல்ல, அது கட்டை. கட்டை இல்ல, கண் சிமிட்டுது பாருங்க! நீர்க்காகம் ஒன்று துணி காயப் போட்ட மாதிரி இறக்கையை விரித்துக்கொண்டு நீலக் கம்பத்தின்மேல் நின்றது. தட்டான்கள் துடுப்பு நுனியில் உட்கார்ந்து இலவசமாகச் சவாரி செய்தன. எத்தனை கம்பம் கடந்தது என்று யார் பார்த்தார்கள்?

அப்போதுதான் அந்த நீர்நாய் தலையை நீட்டியது. மீசை வைத்த வழுக்கைத் தலை, தண்ணீருக்கு மேல். ஊசியம்மாவை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, நாணலுக்கு நடுவே ஒரு சின்ன இடுக்கில் புகுந்து மறைந்தது.

“உள்ள போகுது! திருப்புங்க, திருப்புங்க!”

“அங்க நீலக் கம்பம் இல்லையே.”

“சிவப்பும் இல்லையே!”

சரிபார்க்காமல் எதையும் செய்யாத சம்பந்தியம்மா ஒரு நொடி யோசித்தார். பிறகு துடுப்பை ஆழமாகப் போட்டுத் திருப்பினார். படகு அந்த இடுக்கில் சர்ரென்று நுழைந்து, கொஞ்ச தூரம் ஜோராகப் போய், ‘புளக்’ என்ற சத்தத்தோடு நின்றது. சேறு.

முன்னால் தள்ளினார்கள். அசையவில்லை. பின்னால் தள்ளினார்கள். துடுப்பு அரை ஆள் உயரம் சேற்றில் இறங்கியதே தவிர, படகு நகரவில்லை. “நான் இறங்கித் தள்றேன்” என்றாள் ஊசியம்மா.

“ஆழம் தெரியாம காலை விடாதீங்க சம்பந்தி.”

பழமொழி முடிவதற்குள் கால் உள்ளே போய்விட்டது. முழங்கால் வரை. குளுகுளுவென்று, மாவு பிசைந்து வைத்த அண்டாவுக்குள் காலை விட்ட மாதிரி. வெளியே இழுத்தாள். கால் வந்தது, செருப்பு வரவில்லை. ஒரு கால் படகில், ஒரு கால் சேற்றில், ஒரு கை நாணலில், அந்த நிலையில் நின்றுகொண்டு அவள் சேற்றுக்குள் செருப்பைத் தேடினாள்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் ஏதோ பறவை என்று நினைத்தாள். விக்கல் மாதிரி தொடங்கி, கொதிக்கிற பாத்திரத்தின் மூடி மாதிரி படபடத்து, கடைசியில் வெடித்தது. சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, “ஐயோ… செருப்பு… போயிடுச்சு…” என்று வார்த்தை வராமல் திணறினார். படகு அவர் சிரிப்புக்கு ஆடியது. ஊசியம்மா கோபப்படலாம் என்று வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்புதான். சிரிக்கச் சிரிக்கக் கால் இன்னும் இறங்கியது. சம்பந்தியம்மா துடுப்பை நீட்ட, அதைப் பிடித்துக்கொண்டு ஊசியம்மா படகுக்குள் மீன் மாதிரி வந்து விழுந்தாள்.

“அடியே, குனி!”

சம்பந்தியம்மாவின் கை அவள் தலையைப் பிடித்து அழுத்தியது. அடியே! மூன்று வருடத்தில் முதல் ‘அடியே’. அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. பருந்து ஒன்று நாணலின் தலையை உரசுகிற மாதிரித் தாழ்வாக, சத்தமே இல்லாமல், அவர்களுக்கு மேலே வழுக்கிக்கொண்டு போனது. அதன் நிழல் படகைத் தடவிவிட்டுச் சென்றது.

அடுத்த நொடி பூமி கிளம்பியது.

அப்படித்தான் ஊசியம்மா பிறகு எல்லோரிடமும் சொன்னாள். நாணலுக்கு அந்தப் பக்கம், சிவப்புக் கோட்டுக்குள், கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்த அத்தனை வாத்துகளும் ஒரே மூச்சில் எழுந்தன. முதலில் சத்தம், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பெட்ஷீட்டை உதறுகிற சத்தம். பிறகு வானமே இல்லை. இறக்கை, இறக்கை, வயிறு வயிறாக வெள்ளை. அவை எழுப்பிய காற்று முகத்தில் அடித்தது. தண்ணீர்த் துளிகள் மழையாகத் தூவின. கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்தது, கறுத்தது. மறுபக்கம் சாய்ந்தது, பளிச்சென்று வெளுத்தது. யாரோ ஒரு பெரிய பட்டுத் துணியைப் பிடித்து வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டுவதுபோல. ஊசியம்மா தன்னை அறியாமல் எழுந்து நிற்கப் பார்க்க, சம்பந்தியம்மா அவள் இடுப்புப் பட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். பிடித்த கை விடவில்லை. இருவரும் தலையை அண்ணாந்துகொண்டு, ஆ ஆ என்று, அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்காமல் கிடந்தார்கள்.

வானம் திரும்பி வந்தது. “இதைப் பாக்காமயே செத்துப் போயிருப்பேனே” என்றார் சம்பந்தியம்மா.

“சேத்துலயே இருந்தா அதுவும் நடக்கும். முதல்ல படகை எடுப்போம்.”

சம்பந்தியம்மா படகின் விளிம்பைத் தட்டிப் பார்த்தார். முன்பக்கம்தான் மாட்டியிருந்தது. “நீங்க என்கிட்ட வந்துடுங்க. ரெண்டு பேர் கனமும் பின்னாடி வந்தா முன்பக்கம் தூக்கும்.” ஊசியம்மா தவழ்ந்து போய் அவர் மடியில் உட்காராத குறையாக ஒண்டிக்கொண்டாள். இருவரும் துடுப்பை ஊன்றி, மூச்சைப் பிடித்து, ஒன்றாக அழுத்தினார்கள். சேறு முத்தமிடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு படகை விட்டது. ஊசியம்மா மறுபடி முன்னால் தன் இடத்துக்குத் தவழ்ந்து போக, பின்னோக்கியே துடுப்புப் போட்டு நீலக் கம்பத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஒலிம்பிக்கில் ஜெயித்த மாதிரி இருவரும் துடுப்பைத் தூக்கிக் காட்டிக்கொண்டார்கள். பார்க்க ஒரு நீர்க்காகம்தான் இருந்தது.

நாணல் முடிந்து திறந்த நீர்ப்பரப்பு வந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. காவலர் பெண் சொன்ன அதே காற்று. துறை எதிரே தெரிந்தது, விரல் நகம் அளவுக்கு. காற்று அங்கிருந்து நேராக இவர்கள் முகத்துக்கு வந்தது. நான்கு தடவை துடுப்புப் போட்டால் மூன்று தடவைக்குப் பின்னால் தள்ளியது. அலை படகின் மூக்கில் அறைந்து ஊசியம்மாவின் மடியில் தெறித்தது.

“தாளம் சொல்லுங்க சம்பந்தி! தாளம் போனா போச்சு!”

“ம்… இப்போ” என்றாள். காற்று அதை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. இன்னும் கத்தினால்தான் கேட்கும். கத்துவதற்கு ஏதாவது வேண்டும். எங்கிருந்து வந்ததோ, அடிவயிற்றிலிருந்து வந்தது: “கை… குட்டைன்னு… சொன்னீங்களே!”

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு துடுப்பு. படகு முன்னால் பாய்ந்தது.

பின்னாலிருந்து, “குட்டையா… இருந்துச்சே!”

“ஒரு விரல்… குட்டைதான்! தெரியும்! அத்தனை பேர்… முன்னாடியா… சொல்றது!”

“பதட்டம்! கூட்டத்தைப் பாத்தா… எனக்கு நாக்கு… உளறும்!”

“அப்புறமா… வந்து… சொல்லியிருக்கலாம்ல!”

“சிரிச்சீங்களே! சரியாப் போச்சுன்னு… நினைச்சேன்!”

“அது சிரிப்பா! பல்லைக் கடிச்சேன்!”

படகு பறந்தது. ஊசியம்மாவின் தோள் எரிந்தது, தொண்டை எரிந்தது, ஆனால் நெஞ்சில் கல் மாதிரி இருந்தது ஒவ்வொரு வீச்சுக்கும் ஒவ்வொரு துண்டாகத் தண்ணீரில் விழுந்துகொண்டே வந்தது. சம்பந்தியம்மாவிடமும் சரக்கு நிறைய இருந்தது. நான் வாங்கிக் கொடுத்த பை ஒரு நாளாவது எடுத்தீங்களா! ஜிப் நல்லால்ல, மாத்தணும்னு வச்சிருக்கேன்! என் பிறந்தநாளுக்கு ஒரு ஃபோன் கூடப் பண்ணலையே! எப்போன்னு சொன்னாத்தானே தெரியும்! சொல்லி வாங்கறதா அது!

பிறகு ஒன்று வந்தது, மற்றதைவிடச் சத்தம் குறைவாக. ஆனால் காற்றைத் தாண்டி ஊசியம்மாவுக்குக் கேட்டது. “என் பையன்… உங்க வீட்ல… சிரிச்சுக்கிட்டே இருக்கான். எங்க வீட்டுக்கு வந்தா… ஃபோனைப் பாத்துக்கிட்டு… உக்காந்திருக்கான்.”

ஊசியம்மாவின் துடுப்பு ஒரு வீச்சு தப்பியது. மறு வீச்சில் பிடித்துக்கொண்டாள். “எங்க வீட்ல… உங்களைப் பத்தித்தான்… பேசுவான்! எங்கம்மா இப்படி… எங்கம்மா அப்படின்னு! எனக்கு… எரியும்!”

“நிஜமாவா?”

“துடுப்பைப் போடுங்க!”

“குழந்தை பிறந்தா… நான்தான்… வருவேன்!”

“நான்தான்… வருவேன்!”

“நானும்!”

“சரி, நீங்களும்! ரெண்டு பேரும்! போடுங்க!”

கரையில் நடந்ததை மகள் பிறகு சொன்னாள். பார்வைக் கோபுரத்தில் நின்று பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். காற்று அந்தப் பக்கம் அடித்ததால் ஒரு சத்தமும் கேட்கவில்லை. இரண்டு தாய்மார்களும் வாயை அகல அகலத் திறந்து கத்துவது மட்டும் தெரிந்ததாம். “சண்டை! பயங்கரமா சண்டை போடறாங்க! நடுத்தண்ணியில!” என்று அவள் அழாத குறை. மாப்பிள்ளை பைனாகுலரை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னானாம்: “சண்டைதான். ஆனா படகு நேரா வருதே?”

நேராகத்தான் வந்தது. வந்த வேகத்தில் துறையில் கட்டியிருந்த டயரில் மோதியதில் காவலர் பெண்ணின் காக்கிச் சட்டை பாதி நனைந்தது. ஒற்றைச் செருப்போடு ஊசியம்மா பலகைமேல் ஏறி, திரும்பி, இரண்டு கையையும் கொடுத்துச் சம்பந்தியம்மாவைத் தூக்கிவிட்டாள். இருவருக்கும் தலை கலைந்து, முகமெல்லாம் சேற்றுப் பொட்டு. தொண்டை கட்டி, கரகரவென்று காற்றுதான் வந்தது.

“என்னம்மா ஆச்சு? என்ன சண்டை?” மகள் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“சண்டையா? யாரு சண்டை போட்டா?” என்றார் மாமியார்.

“உன் புருஷன்கிட்ட சொல்லு, அந்தச் சின்ன அறையில கட்டில் ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு போடணும்” என்றாள் தாய். “நாங்க ரெண்டு பேரும் வர்றோம்.”

மாப்பிள்ளை வாரக்கணக்கில் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு அவன் வாயிலேயே செத்துப்போனது. அவன் தன் தாயையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தான். ஊசியம்மா அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டி, “வாரத்துக்கு ஒரு நாளாவது உங்கம்மா கூட உக்காந்து பேசணும். ஃபோன் இல்லாம” என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினான்.

காரிலிருந்து சாப்பாட்டுக் கூடை வந்தது. கரைமேல் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டார்கள் என்றால் தாய்மார்கள் இருவரும்தான். மற்ற இருவருக்கும் கதை கேட்கவே நேரம் போதவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேரும் சொன்னார்கள். “பத்தாயிரம் இருக்கும்” என்றாள் ஒருத்தி. “அவ்வளவு இருக்காது, மூவாயிரம்” என்றார் மற்றவர். “வானமே மறைஞ்சு போச்சே!” “அது சரி, மறைஞ்சுதான் போச்சு.” உள்ளங்கைகளில் கொப்புளம் கிளம்பி, கரண்டியைப் பிடிக்க முடியாமல் விரல் நுனியால் எடுத்து எடுத்துச் சாப்பிட்டார்கள்.

காவலர் பெண் சட்டையைப் பிழிந்துகொண்டே அவர்களிடம் வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று ஊசியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அந்தக் காத்துல பாதிப் பேரு நடுவுலயே நின்னுடுவாங்க. நான் போய்க் கயித்தைக் கட்டி இழுத்துக்கிட்டு வருவேன்” என்றாள் அவள். “நீங்க வந்துட்டீங்க. குளிர்காலத்துல பறவைக் கணக்கெடுப்பு இருக்கு. படகுக்கு ஆள் பத்தாது. வர்றீங்களா? சிவப்புக் கோட்டுக்கு உள்ளயும் போகலாம், என்கூட.”

“வர்றோம்” என்று இருவரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். குரல் வராத வாய்.

“ஆனா அன்னைக்குச் சத்தமே போடக் கூடாது.”

சம்பந்தியம்மா கொஞ்சம் யோசித்தார். “கத்த வேண்டியதெல்லாம் அதுக்கு முன்னாடியே வீட்ல கத்தித் தீத்துடறோம்.”

“அம்மா, குளிர்காலத்துலதானே குழந்தை பிறக்கும்!” என்றாள் மகள். “அத்தை, நீங்களாவது சொல்லுங்க. ரெண்டு பேரும் படகுல போயிட்டா குழந்தையை யாரு பாத்துக்கறது?”

அத்தை தன் மகனைப் பார்த்தார். ஊசியம்மா மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.